வாக்குச்சாவடி வாசலில் யாருடைய காவல்?

ஓசூர் மாநகராட்சிக்கு மேயர் உண்டு, ஆணையர் உண்டு, 45 வார்டுகளுக்கு 45 உறுப்பினர்கள் உண்டு. துப்புரவு ஆய்வாளர்களும் வரிவசூல் பணியாளர்களும் பொறியாளர்களும் உண்டு. அதன் கட்டளைக்குக் கீழ்ப்படியும் காவலர் மட்டும் ஒருவர்கூட இல்லை. தேர்தல் நாளில் ஒரு வார்டுப் பள்ளிக்கூடத்தின் வாசலில் கைகலப்பு மூண்டால், அதைத் தடுக்கும் அதிகாரம் கிருஷ்ணகிரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் இருக்கிறது. அவருக்கு மேலே சேலம் சரகம், மேற்கு மண்டலம், காவல்துறைத் தலைமை இயக்குநர், உள்துறை என்று படிகள் சென்னை வரை ஏறுகின்றன. 2019 பிப்ரவரியில் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்தபோது இந்த ஏற்பாட்டில் எதுவும் மாறவில்லை. சென்னை, கோவை போலக் காவல் ஆணையரகம் உள்ள நகரங்களிலும் ஆணையர் மாநில அரசின் அதிகாரிதான். மேயருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர்.

இந்த அமைப்புக்கு வயது அதிகம். 1859-ஆம் ஆண்டின் மாவட்டக் காவல் சட்டமும் 1888-ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டமும் காவலை முழுக்க மாகாண அரசின் கையில் வைத்தன. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார். தண்ணீரும் துப்புரவும் அவர் பொறுப்பில் இருந்தன, காவல் இல்லை. பிறகு வந்த அரசியலமைப்பும் அதே வழியில் போயிற்று. பொது ஒழுங்கு மாநிலப் பட்டியலின் முதல் இனம், காவல்துறை இரண்டாம் இனம். நகரங்களுக்கு 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது திருத்தம் 18 பொருள்களைக் கொண்ட ஓர் அட்டவணையைத் தந்தது. தீயணைப்பு உண்டு, தெருவிளக்கு உண்டு, சுடுகாடும் உண்டு. சட்டம் ஒழுங்கு அதில் இடம்பெறவில்லை.

நகரத்துக்கென்று தனிக் காவல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கின் வரலாறு பதில் வைத்திருக்கிறது. 1857-இல் அந்த மாநிலச் சட்டமன்றம் நகரக் காவலைக் கலைத்துவிட்டு, ஆளுநர் நியமிக்கும் குழுவின் கீழ் பெருநகரக் காவல் ஒன்றை உண்டாக்கியது. மேயர் பெர்னாண்டோ வுட் தம் காவலைக் கலைக்க மறுத்தார். ஒரே நகரத்தில் இரண்டு காவல் படைகள் ரோந்து சுற்றின. ஜூன் 16 அன்று மேயரைக் கைது செய்யப் போன மாநிலக் காவலர்களை நகரக் காவலர்கள் நகர மன்றப் படிக்கட்டிலேயே அடித்து விரட்டினார்கள். ராணுவப் படைப்பிரிவு ஒன்று வந்த பிறகே கைதாணை நிறைவேறியது. ஜூலை தொடக்கத்தில் மாநிலத்தின் உயர் முறையீட்டு நீதிமன்றம் புதிய சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நகரக் காவல் கலைந்தது. கலைந்த மறுநாளே நகரத்தில் கும்பல் கலவரம் வெடித்தது.

அதே நகரத்தில் பூசல் 1900-இல் நேராகத் தேர்தல் களத்துக்கே வந்தது. போலி வாக்காளர்களைப் பிடிப்பதற்காக மாநில அரசு ஜான் மெக்கல்லா என்பவரைத் தேர்தல் கண்காணிப்பாளராக நியமித்திருந்தது. அவருடைய ஆட்கள் வாக்குச்சாவடிகளில் வாக்காளர்களை மிரட்டினால் தடுக்கும்படி நகரக் காவல் தலைவர் வில்லியம் டெவரி தம் காவலர்களுக்கு உத்தரவிட்டார். நகரக் காவலும் மாநிலத் தேர்தல் அதிகாரியின் ஆட்களும் வாக்குச்சாவடி வாசலில் மோதிக்கொள்ளும் நிலை உருவாயிற்று. அப்போது ஆளுநராக இருந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். அந்தத் தேர்தலிலேயே அவர் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கும் போட்டியிட்டார். மேயர் வான் விக்குக்கு அவர் கடிதம் எழுதி, என்ன நடந்தாலும் மேயரே பொறுப்பு என்று எச்சரித்தார். உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஒழுங்கைக் காக்க வேண்டிய இரு தரப்பும் தேர்தலில் தத்தமக்குரிய கட்சிச் சார்போடு நின்றன என்பதே அங்கே உண்மையான ஆபத்து. நகரக் காவல் மேயரின் கட்சிக்கு ஆள். மாநில அதிகாரி ஆளுநரின் கட்சிக்கு ஆள். நடுவில் நிற்க யாரும் இல்லை.

இந்தியாவில் நகரத்துக்குக் காவல் இல்லாததால் மேயரும் முதலமைச்சரும் காவலர்களை வைத்து மோத வாய்ப்பில்லை. ஆனால் பூசல் இல்லாமல் போய்விடவில்லை. காவலைக் கையில் வைத்திருக்கும் மாநில அரசுக்கும் தேர்தலை நடத்தும் ஆணையத்துக்கும் இடையே அது நடக்கிறது. அந்தப் பூசலின் முக்கியமான ஓர் அத்தியாயம் தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. 1993-இல் ராணிப்பேட்டை சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு மத்தியப் படைகளை அனுப்புவது பற்றித் தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷனுக்கும் அரசுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது, தேர்தல் தள்ளிப்போனது. ஆணையம் கேட்கும்போது தேவையான பணியாளர்களைத் தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 324-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தப் பணியாளர்களில் ஆயுதம் தாங்கிய காவலரும் அடங்குவார்களா, எத்தனை பேர் வேண்டும் என்று முடிவு செய்வது யார் என்பவைதாம் அந்தக் கருத்து வேறுபாட்டின் மையக் கேள்விகள். 1993 ஆகஸ்ட் 2 அன்று சேஷன் 17 பக்க உத்தரவு ஒன்றை வெளியிட்டார். ஆணையத்தின் அதிகாரத்தை அரசு ஏற்கும் வரை நாட்டில் எந்தத் தேர்தலும் நடக்காது என்பது அதன் சாரம். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே தேர்தல்கள் தொடர்ந்தன. அதே ஆண்டு அக்டோபரில் ஆணையம் மூன்று உறுப்பினர் கொண்டதாக மாற்றப்பட்டது. சேஷனின் முறை கடுமையானது என்று அன்றும் பலர் குறை சொன்னார்கள். அந்தக் கடுமை இல்லாமல் இன்று மத்தியப் படையின் கொடி அணிவகுப்பு ஓசூர் வீதிகளில் இவ்வளவு இயல்பான காட்சியாகியிருக்காது.

சட்டமும் ஓரளவுக்கு முன்பே தயாராகியிருந்தது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1989-இல் சேர்க்கப்பட்ட 28ஏ பிரிவின்படி, தேர்தல் பணிக்கென மாநில அரசு குறிக்கும் காவல் அதிகாரிகள் அறிவிக்கை நாள் முதல் முடிவு அறிவிக்கப்படும் வரை தேர்தல் ஆணையத்தில் அயல்பணியில் இருப்பதாகக் கருதப்படுவர். அந்த நாள்களில் அவர்கள் ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்கும் ஒழுங்கு நடவடிக்கைக்கும் உட்பட்டவர்கள். கண்காணிப்பாளர் ஒருவர் ஒருதலைப்பட்சமாக நடப்பதாகப் புகார் வந்தால், ஆணையம் ஒரே நாளில் அவரை மாற்றச் சொல்ல முடிகிறது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் அங்கே தேர்தலையே ரத்து செய்யும் 58ஏ பிரிவும் அந்தத் திருத்தத்தோடு வந்ததுதான்.

இவையெல்லாம் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் உரியவை. மாநகராட்சித் தேர்தல் வேறொரு ஆணையத்தின் பொறுப்பு. அரசியலமைப்பின் 243கே, 243இசட்ஏ பிரிவுகளின்படி அதை மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. அதன் ஆணையரை நியமிப்பவர் ஆளுநர். நடைமுறையில் பெயரை முடிவு செய்வது மாநில அரசு. தேவையான பணியாளர்களைத் தரவேண்டும் என்ற வரி இங்கும் உண்டு. ஆனால் கேட்பதும் கொடுப்பதும் ஒரே தலைமைச் செயலகத்தைச் சுற்றியே நடக்கின்றன. மாநகராட்சி ஆணையரே தேர்தல் நடத்தும் அலுவலர். காவல் கண்காணிப்பாளர் உள்துறையின் ஆள். பார்வையாளராக வரும் ஐ.ஏ.எஸ். அதிகாரியும் இதே மாநிலப் பணியில் இருப்பவர். சட்டமன்றத் தேர்தலில் வேறு மாநிலத்துப் பார்வையாளரையும் காவல் பார்வையாளரையும் பார்த்துப் பழகிய ஓசூர் வாக்காளருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போகாது.

மாநிலத் தேர்தல் ஆணையம் தன் எல்லைக்குள் இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு நிகரானது என்று 2006-இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அகமதாபாத் மாநகராட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்தாதது பற்றிய வழக்கு அது. அரசு ஒத்துழைக்காவிட்டால் ஆணையம் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம் என்ற வழியையும் அந்தத் தீர்ப்பு திறந்துவிட்டது. அந்த வழியில் முழு வலிமையோடு நடந்தவர் மேற்கு வங்க மாநிலத் தேர்தல் ஆணையர் மீரா பாண்டே. 2013 பஞ்சாயத்துத் தேர்தலுக்கு மத்தியப் படை வேண்டும், பல கட்டங்களாக வாக்குப்பதிவு வேண்டும் என்றார். மாநில அரசு மறுத்தது. வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போய், ஐந்து கட்டத் தேர்தலாக முடிந்தது. பத்தாண்டு கழித்து அதே மாநிலத்தில் காட்சி தலைகீழானது. 2023-இல் மத்தியப் படையை அனுப்பச் சொன்னது உயர் நீதிமன்றம். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் மாநிலத் தேர்தல் ஆணையமும் இருந்தது. மனுக்கள் தள்ளுபடியாயின. ஜூலை 8 வாக்குப்பதிவையொட்டிய வன்முறையில் பலர் உயிரிழந்தார்கள். சட்டத்தின் வரிகள் இரண்டு முறையும் ஒன்றே. நாற்காலியில் இருந்தவரின் துணிவு வேறு.

நகரத் தேர்தல்களிலும் இதே கதை. 2021 நவம்பர் 25 அன்று அகர்தலா மாநகராட்சிக்கும் திரிபுராவின் மற்ற நகர அமைப்புகளுக்கும் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தபோதே, மேலும் இரண்டு கம்பெனி மத்தியப் படையை அனுப்பும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் 2006 அக்டோபரில் நடந்த சென்னை மாநகராட்சித் தேர்தல் இன்னும் மறக்கப்படவில்லை. வாக்குச்சாவடிகளில் அடிதடி, கைப்பற்றல் என்று புகார்கள் குவிந்தன. காவலர்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்பது எதிர்க்கட்சிகளின் குற்றச்சாட்டு. விவகாரம் உயர் நீதிமன்றம் போயிற்று. உறுப்பினர்கள் பலர் பதவி விலக, 2007 பிப்ரவரியில் பல வார்டுகளில் மறுபடி தேர்தல் நடந்தது. வாக்களித்த சென்னைவாசிக்கு நான்கு மாதம் கழித்தே தன் வார்டு உறுப்பினர் யார் என்று உறுதியாகத் தெரிந்தது.

ஓசூர் இந்தப் பெரிய கதையில் ஒரு தனி இடத்தில் நிற்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையும், அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் ஆலைகளும் வந்தபின் ஊர் வேகமாகப் பெருத்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் பேசும் வாக்காளர்கள் ஒரே வார்டில் இருக்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு இங்கே வாக்கு இல்லை. தங்கும் விடுதிகளில் அவர்கள் நிறைந்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஓசூரில் வாக்கு உள்ள பலர் தினமும் ஜூஜூவாடியைத் தாண்டிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். வாக்களிக்கும் நாளில் ஊதியத்தோடு விடுமுறை தரும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு தொகுதிக்கு வெளியே வேலை பார்க்கும் வாக்காளருக்கும் பொருந்தும். ஆனால் எல்லைக்கு அப்பால் உள்ள சிறு நிறுவனம் அதைக் கடைப்பிடிக்கிறதா என்று ஓசூர் அதிகாரி போய்ப் பார்க்க முடியாது.

எல்லையில் ஒழுங்கு கெட்டால் தேர்தல் என்ன ஆகும் என்ற கேள்வி 2016-இல் மிக அருகில் வந்து நின்றது. காவிரி நீர் குறித்த உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து, செப்டம்பர் 12 அன்று பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. ஓசூரில் பேருந்துகள் நிறுத்தப்பட்டன. எல்லையைத் தாண்டிப் போவோர் அத்திப்பள்ளி வரை நடந்தே போனார்கள். அந்தப் பதற்றம் முழுதும் தணிவதற்குள், அதே மாதக் கடைசியில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 17, 19 தேதிகளில் வாக்குப்பதிவு என்றார்கள். இடஒதுக்கீட்டு வழக்கில் அக்டோபர் 4 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. அதன்பின் ஓசூர் ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சியில் இருந்தது. ஊர் மாநகராட்சியானதும் அந்தக் காலத்தில்தான். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட மன்றத்தில் இல்லாத நிலையில் அந்த உயர்வு வந்தது.

இடையில் 2019 ஏப்ரல் 18 அன்று ஓசூர் ஒரே நாளில் இரண்டு வாக்குகள் அளித்தது. மக்களவைத் தேர்தலோடு, நீதிமன்றத் தீர்ப்பால் உறுப்பினர் பதவி இழந்ததில் காலியான ஓசூர் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தலும் நடந்தது. இரண்டும் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பொறுப்பு. அதே ஆண்டு டிசம்பர் 27, 30 தேதிகளில் சூளகிரி, தளி, கெலமங்கலம் ஒன்றியங்களின் ஊராட்சித் தேர்தல்; அது மாநில ஆணையத்தின் பொறுப்பு. எட்டு மாத இடைவெளியில் ஒரே காவல் நிலையத்தின் அதே உதவி ஆய்வாளர் இரண்டு ஆணையங்களுக்கு வேலை செய்தார். முதல் தேர்தலில் அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இரண்டாவதில் அந்தத் தெளிவை அவர் தம் மேலதிகாரியின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார். 2022 பிப்ரவரி 19 அன்று ஓசூரின் 45 வார்டுகளுக்கு வாக்குப்பதிவு நடந்தபோதும் நிலை அதுவே. அந்தத் தேர்தலை ஒட்டிக் கோவைக்கு மத்தியப் படை வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ஓசூர் ஓரளவு அமைதியாகக் கடந்தது. அந்த அமைதிக்கு அமைப்பைக் காட்டிலும் ஊராரே காரணம்.

எல்லைப் பகுதியில் ஒழுங்கு என்பது கைகலப்பைத் தடுப்பதோடு முடிவதில்லை. பணமும் மதுவும் அதில் பாதி. 2024 மக்களவைத் தேர்தலில் கிருஷ்ணகிரித் தொகுதி ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது. எல்லைக்கு அப்பால் ஆனேக்கல் அடங்கிய பெங்களூர் ஊரகத் தொகுதி ஏப்ரல் 26 அன்று வாக்களித்தது. ஏப்ரல் 17 முதல் டாஸ்மாக் மதுக்கடைகள் மூடியிருந்தன. கர்நாடகத்து மது பாக்கெட்டுகள் பேரிகை, பாகலூர், தளி வழிச் சாலைகளில் வந்துவிடாதபடி இரு மாநிலக் காவலும் சேர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முடிந்தபின் மற்ற மாவட்டங்களில் பறக்கும் படைகள் கலைந்தன. எல்லை மாவட்டங்களில் சோதனை தொடர்ந்தது. அதன் சுமை வியாபாரிகள்மேல் விழுந்தது. ஓசூர் ரோஜாவையும் ராயக்கோட்டைத் தக்காளியையும் பெங்களூர்ச் சந்தையில் விற்றுவிட்டுத் திரும்புபவர் கையில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்து, சந்தைச் சீட்டு இல்லாவிட்டால் பணம் பறிமுதல் ஆகிறது. மாவட்ட அளவில் மூவர் குழு ஒன்று ஆவணங்களைப் பார்த்துத் திருப்பித் தருகிறது; தொகை 10 லட்சத்தைத் தாண்டினால் வருமான வரித்துறைக்குத் தகவல் போகிறது. ஊர் ஊராகப் பணம் பட்டுவாடா நடக்கும்போது சிக்காமல், பூ விற்ற காசு மாட்டுகிறது என்ற கிருஷ்ணகிரி விவசாயியின் ஆத்திரம் நியாயமானது. 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலையே பணப் பட்டுவாடா காரணமாக ரத்து செய்ய நேர்ந்ததும் உண்மை. சோதனையை விட்டுவிட முடியாது. ஓசூர்ச் சந்தையிலேயே ஒரு முகாம் போட்டு, சந்தைச் சீட்டுக்கு முத்திரை வைத்துக் கொடுத்தால் பாதித் தொல்லை தீரும்.

காடு ஒட்டிய அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் அறிவிப்பு ஒவ்வொரு தேர்தலுக்கும் வருகிறது. உரிமம் இல்லாத நாட்டுத்துப்பாக்கி யார் வீட்டில் இருக்கிறது என்பது உள்ளூர்க் காவலருக்கே தெரியும். வெளியிலிருந்து வரும் துணை ராணுவத்துக்கு ஊரும் தெரியாது, பேச்சும் தெரியாது. மத்தியப் படை வந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கைக்கு இங்கே ஒரு வரம்பு இருக்கிறது.

அந்த வரம்பைத் தமிழர்கள் மிகக் கொடிய விலை கொடுத்துக் கண்டது யாழ்ப்பாணத்தில். 1981 ஜூன் 4 அன்று இலங்கையில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடக்க இருந்தது. தேர்தல் பாதுகாப்பு என்ற பெயரில் தென்பகுதியிலிருந்து கூடுதல் காவலர்கள் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மே 31 அன்று பிரசாரக் கூட்டமொன்றில் காவலர்கள் சுடப்பட்டனர். அன்றிரவு காவலர்களே கடைகளையும் வீடுகளையும் எரிக்கத் தொடங்கினார்கள். அடுத்த நாள்களுக்குள் யாழ் பொது நூலகம் எரிந்தது. 97,000 அளவிலான நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அந்த நூலகம் யாழ் மாநகர சபைக்குச் சொந்தமானது. தன் சொத்தைக் காக்க அந்தச் சபைக்கு ஒரு காவலர்கூட இல்லை. எரித்தவர்கள் அரசின் சம்பளம் வாங்கும் காவலர்கள். தேர்தல் குறித்த நாளிலேயே நடந்தது. தேர்தல் ஒழுங்கைப் பற்றிப் பேசும் எவரும் இந்த நிகழ்வைத் தாண்டிப் போக முடியாது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், நகரத்துக்குத் தனிக் காவல் வேண்டும் என்ற கோரிக்கை நியூயார்க்கின் பழைய தவற்றுக்கே கொண்டுபோகும். வெளிப் படையை மட்டும் நம்புவதும் தீர்வாகாது. உள்ளூரை அறிந்த மாநிலக் காவலே தேர்தலைக் காக்க வேண்டும். ஆனால் அந்தச் சில வாரங்களுக்கு அதன் கடிவாளம் ஆளுங்கட்சியின் கையில் இருக்கக்கூடாது. அதற்குச் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் அல்ல. தேர்தல் தேதியை அறிவிக்கும் நாளிலேயே எத்தனை காவலர், யாருடைய கட்டளையில், எந்த வாக்குச்சாவடிகள் பதற்றமானவை என்பதை மாநிலத் தேர்தல் ஆணையம் எழுத்தில் வெளியிட வேண்டும். அந்த ஏற்பாடு வாக்கு எண்ணிக்கையோடு முடிந்துவிடாமல் மேயர், துணை மேயருக்கான மறைமுகத் தேர்தல் முடியும் வரை நீள வேண்டும். 2022-இல் முடிவுகள் பிப்ரவரி 22 அன்று வந்தன. மறைமுகத் தேர்தல் மார்ச் 4 அன்று நடந்தது. உறுப்பினர்களைக் கடத்திவிட்டார்கள் என்பது போன்ற புகார்கள் எழுவதும், மன்றக் கூடத்தில் நாற்காலிகள் பறப்பதும் இப்படிப்பட்ட இடைவெளி நாள்களில்தான். பார்வையாளர்களில் பாதிப் பேராவது வேறு மாநிலப் பணியிலிருந்து வர வேண்டும். கிருஷ்ணகிரி போன்ற எல்லை மாவட்டத்தில் கர்நாடக, ஆந்திர அதிகாரிகளோடு நடக்கும் ஒருங்கிணைப்புக் கூட்டம் மக்களவைத் தேர்தலோடு நின்றுவிடாமல் உள்ளாட்சித் தேர்தலுக்கும் நடக்க வேண்டும். மது பாக்கெட்டு எந்தத் தேர்தல் என்று பார்த்து எல்லை தாண்டுவதில்லை.

ஓசூர் மாநகராட்சியின் முதல் மன்றம் 2022 மார்ச் தொடக்கத்தில் பதவியேற்றது. அரசியலமைப்பின்படி அதன் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது 243யு பிரிவின் கட்டளை. அந்தத் தேர்தலுக்கான காவல் ஏற்பாட்டை ஆணையமும் அரசும் முன்கூட்டியே எழுத்தில் முடித்து, ஓசூர் மக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும்.